ஆறட்டும்: ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மின்னணுவியல், மின்னியல், கருவியியல் படிக்கும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்கு,

சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் விற்கும் கடைக்காரன் எழுதுகிறேன். கடையின் முன்பக்கம் விற்பனை. பின்பக்கம் ஆறடி மேஜை போட்டுப் பழுது பார்ப்பது. நீங்கள் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அண்ணே" என்றுதான் கூப்பிடுவீர்கள். இரண்டு மூன்று வருடமாகச் சிலர் "அங்கிள்" என்கிறீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி பிறந்தால் நீங்கள் வர ஆரம்பிப்பீர்கள், கையில் ஒரு சீட்டோடு. அதில் என்ன இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். ஆர்டுயினோ ஒன்று, எல்எம்35 வெப்ப உணரி ஒன்று, 16-க்கு-2 எல்சிடி ஒன்று, பத்து கே பிரிசெட் ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு. தலைப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு வருடம் கோழிப் பண்ணை, ஒரு வருடம் பசுமைக்குடில், ஒரு வருடம் தடுப்பூசிப் பெட்டி. உள்ளே சரக்கு ஒன்றுதான்: உணரி சூட்டை அளக்கும், எல்சிடி அதை எண்ணாகக் காட்டும்.

மூன்று நாள் கழித்து அதில் பாதிப் பேர் திரும்பி வருவீர்கள். "அண்ணே, டிஸ்ப்ளே டெட்டு." இரண்டு வரிசையும் முழுக்கக் கறுப்புக் கட்டம், இல்லையென்றால் ஒன்றுமே இல்லாத வெறும் பச்சை. நான் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிரிசெட்டைக் கால் சுற்று திருப்புவேன். எழுத்து வந்துவிடும். நீங்கள் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று தொண்டையிலேயே நின்றுவிடும். கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது அதைச் சொல்லி முடிக்க முடியாது.

சங்கதி இதுதான். சூட்டை எண்ணாகக் காட்ட நீங்கள் வாங்கிப் போகிற அந்தத் தட்டுக்குள் இருப்பதே சூட்டுக்கு ஆடுகிற பொருள். மின்சாரம் கொடுத்தால்தான் அது அசையும் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சூடும் குளிரும் அதை அசைக்கும். அசைப்பதோடு நிற்காது, அவற்றால் அதன் இனத்தில் சிலவற்றில் எழுதலாம், எழுதியதை அழிக்கலாம், மின்சாரத்தை நிறுத்திவிட்ட பிறகும் எழுத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கலாம். இந்த வருடம் ஒரு பத்துப் பேராவது எல்எம்35-ஐ விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எல்எம்35 விற்பனை குறைந்தால் எனக்குத்தான் நஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்பதுகளின் கடைசியில், மீசை முளைக்காத வயதில், இதே தெருவில் ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் டீ கொட்டிய கால்குலேட்டர் ஒன்று வந்தது. போர்டை ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, ஹேர் ட்ரையரில் காயவைக்கச் சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். நான் ட்ரையரைக் கொஞ்சம் தாராளமாகவே காட்டிவிட்டேன். டிஸ்ப்ளேயின் ஓரத்தில் மை சிந்தியதுபோல ஒரு கறுப்பு தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவி, எண்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தக் கால்குலேட்டர் என் இரண்டு மாதச் சம்பளம்.

முதலாளி வந்து பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஆறட்டும்" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிவரச் சொன்னார். நான் கிளாசோடு திரும்பி வரும்போது கறுப்பு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது, கொட்டிய தண்ணீர் வெயிலில் காய்வதுபோல. டீ முடிவதற்குள் எண்கள் பழையபடி நின்றன. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபிறகு அதே கால்குலேட்டரை நான் இன்னும் மூன்று முறை கறுக்கவைத்துப் பார்த்தேன்.

ஏன் கறுத்தது? கால்குலேட்டர் டிஸ்ப்ளேயில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மிக மெல்லிய ஒரு திரவம். வெளியே, முன்னும் பின்னும் ஒவ்வொரு போலராய்டு தாள், ஒன்றுக்கொன்று குறுக்காக. குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வழியே வெளிச்சம் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நடுவிலிருக்கும் திரவத்தின் மூலக்கூறுகள், குச்சிபோல நீண்டவை, ஒரு கண்ணாடியிலிருந்து மற்றதற்குப் போகும்போது மாடிப்படிபோலக் கால் வட்டம் திரும்பி நிற்கின்றன. வெளிச்சமும் அவற்றோடு திரும்பி வெளியே வந்துவிடுகிறது. மின்சாரம் கொடுத்த இடத்தில் மட்டும் குச்சிகள் எழுந்து நிற்கும், திருப்பம் கெடும், அந்த இடம் கறுக்கும். அந்தக் கறுப்புத்தான் எண்.

சூடு செய்வது வேறு. தேர் வடம் பிடித்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நகர்கிறான், இடிக்கிறான், முன்னே பின்னே போகிறான், ஆனால் அத்தனை முகமும் ஒரே திசையில். திரவப் படிகம் என்பது அந்த நிலை: ஓடவும் செய்யும், ஒழுங்கும் இருக்கும். சூடு ஏற ஏறக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு கூடும். ஒரு குறிப்பிட்ட சூட்டில் வடம் கைவிட்டுப்போகும், ஆளுக்கொரு திசை. அதற்குப் பிறகு அது வெறும் எண்ணெய். மாடிப்படி இல்லை, வெளிச்சம் திரும்பாது, தட்டு முழுக்கக் கறுப்பு. ஆறினால் கூட்டம் மறுபடி வடம் பிடிக்கும். உங்கள் பைக்கை சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் மீட்டர் கறுத்துக் கிடப்பதும் இதனால்தான். நிழலில் தள்ளி நிறுத்துங்கள், வந்துவிடும். அதற்காக மீட்டரை மாற்றச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தப் பொருள் உலகத்துக்குத் தெரியவந்ததே அடுப்புச் சூட்டில்தான், மின்சாரத்தில் இல்லை. 1888-இல் பிராகில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அதிலிருந்து பிறந்த கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற பொருள் அவரைப் படுத்தியெடுத்தது. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்தால் வெள்ளைக் கட்டி உருகி ஒரேயடியாகத் தெளிந்த எண்ணெய் ஆகிவிடும் அல்லவா? ஒரு பொருளுக்கு உருகுநிலை ஒன்றுதான் என்பது நமக்கும் பழக்கம், அவருக்கும் பழக்கம். இந்தப் பொருளோ 145.5 டிகிரியில் உருகிப் பால்போலக் கலங்கி நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஆறவிட்டபோது நீலமும் ஊதாவும் தோன்றி மறைந்தன. அழுக்கு கலந்திருக்கிறது என்று வேறொருவர் தூக்கிப் போட்டிருப்பார். இவர், சூடாக்கும் மேடை பொருத்திய நுண்ணோக்கி வைத்திருந்த ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு மார்ச் மாதம் ஒரு கடிதம் எழுதி, மாதிரியையும் அனுப்பினார். அடுத்த வருடம் லேமன் அதற்கு 'ஓடும் படிகங்கள்' என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார்.

ஒரு சின்னத் திசைதிருப்பல். அந்தக் கடிதம் போன அதே 1888 நவம்பரில்தான் திருச்சிப் பக்கம் சி.வி. இராமன் பிறந்தார். 1977-இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் அவருடைய சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் என்ற இருவரோடு சேர்ந்து, குச்சிபோல் இல்லாமல் நாணயம்போல வட்டமான மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று காட்டினார். அதுவரை அப்படி ஒரு வகை இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. பின்னாளில் டிஸ்ப்ளேயைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் கெடாமலிருக்க ஒட்டும் படலங்களில் அந்த வட்ட மூலக்கூறு இனம் போய்ச் சேர்ந்தது. பெங்களூரு, ரயிலில் ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கிற இடம். எங்கிருந்தோ வந்த தொழில்நுட்பம் என்று இதை நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அறுபதுகளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்துக்காரர்கள் திரவப் படிகத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 1962-இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் மின்சாரம் கொடுத்ததும் வரிவரியாகக் கோலம் எழுவதைக் கண்டார். அவர் கையிலிருந்த பொருள் கொதிநீரைவிடச் சூடாக, 117 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால்தான் திரவப் படிகமாக இருக்கும். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் ஹெயில்மையரும் ஆரம்பத்தில் சூடாக்கித்தான் சோதனை செய்தார். அடுப்போடு சேர்த்து யார் கைக்கடிகாரம் வாங்குவார்கள்? அதனால் வேட்டை முழுவதும், அறையின் சூட்டிலேயே ஒழுங்காக நிற்கிற பொருளைத் தேடிப் போனது. 1968 மே மாதம் ஆர்சிஏ செய்தியாளர்களைக் கூட்டி டிஸ்ப்ளேயைக் காட்டியபோது அது அறைச் சூட்டில் வேலை செய்தது. பிறகு இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே எழுபதுகளின் தொடக்கத்தில் 5சிபி என்ற பொருளைச் செய்தார். வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் கெடாத, நிலையான பொருள். அது ஏறத்தாழ 24 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை திரவப் படிகம். ஹல் ஊருக்கு அது தாராளம். நம்மூர் மே மாத மதியத்தில் அது வெறும் எண்ணெய்! அதோடு இன்னும் சிலவற்றைக் கலந்து, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை தாங்கும் கலவை வந்த பிறகுதான் எல்சிடி தெருவுக்கு வந்தது. அந்த வெற்றி பெரிய வெற்றி. ஆனால் அன்றையிலிருந்து எல்லோரும் சூட்டை எதிரியாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

எதிரியை ஒதுக்கிவிட்டோம் என்று நினைத்தாலும் அது உங்கள் பிரிசெட்டில் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறினால் குச்சிகளின் ஒழுங்கு தளரும். தளர்ந்த கூட்டத்தை எழுப்பி நிறுத்தக் குறைந்த வோல்ட் போதும். அதனால்தான் ஏசி போட்ட ஆய்வகத்தில் அழகாகத் தெரிந்த எழுத்து, மொட்டை மாடியில் டெமோ காட்டும்போது கறுப்புக் கட்டமாகப் பூசிக்கொள்கிறது. குளிரில் நேர்மாறு: எழுத்து மங்கும், திரவம் தேன்போலக் கெட்டிப்பட்டு மெதுவாக அசையும். டேட்டாஷீட்டில் கான்ட்ராஸ்ட் வோல்ட்டைப் பல கம்பெனிகள் பூஜ்யம், 25, 50 என்று மூன்று சூட்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும்; சூடு கூடக் கூட எண் இறங்கும். அதைப் படித்தவன் பிரிசெட்டோடு ஒரு தெர்மிஸ்டரையும் சேர்ப்பான். படிக்காதவன் ஸ்க்ரூடிரைவரோடு கூடவே நிற்பான். பனிப்பிரதேசத்துக்குப் போகிற வாகனங்களிலும் விமானங்களிலும் டிஸ்ப்ளேக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடு பூச்சில் மின்சாரம் விட்டுத் திரவத்தைச் சூடேற்றி எழுப்புகிறார்கள். அதுவும் ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் அதில் சூடு வேலைக்காரன், எஜமான் இல்லை.

சூட்டை எஜமானாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. இந்த மடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

1973-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரெடெரிக் கான் என்பவர் சாதாரணத் திரவப் படிகத்தை விட்டுவிட்டு அடுக்கடுக்காக நிற்கும் வகை ஒன்றை எடுத்தார். ஸ்மெக்டிக் என்பார்கள். இதில் குச்சிகள் ஒரே திசையில் நிற்பதோடு, பாய் விரித்ததுபோல அடுக்குகளாகவும் நிற்கும். கெட்டியானது, தானாகச் சுலபத்தில் கலையாது. 8சிபி என்ற பொருளை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். 21.5 டிகிரிக்கு மேல் அடுக்கு நிலை. 33.5-இல் அடுக்கு கலைந்து, திசை மட்டும் மிஞ்சிய சாதாரணத் திரவப் படிகம். 40.5-இல் அதுவும் போய் எண்ணெய். நடுவிலுள்ள அந்த ஏழு டிகிரியை ஒரு கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பொருளைத் தெளிவாக, கண்ணாடிபோல அடுக்கி வைத்துவிட்டு, கான் அகச்சிவப்பு லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டார். அந்தப் புள்ளி மட்டும் கதவைத் தாண்டி எண்ணெய் நிலைக்குப் போனது. லேசரை நகர்த்தினார். சுற்றிலும் குளிர்ந்த கண்ணாடி. சூடு சடாரென்று உறிஞ்சப்பட்டது. திரும்பி வரும்போது குச்சிகளுக்கு ஒழுங்காக வரிசை கட்ட நேரமில்லை. கலைந்த நிலையிலேயே அடுக்குக்குள் மாட்டிக்கொண்டன. அந்த இடம் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பால்போலத் தெரிந்தது. லேசர் போன வழியெல்லாம் ஒரு கோடு. மின்சாரத்தை நிறுத்தினாலும் கோடு அழியாது, மாதக்கணக்கில் நிற்கும்.

வீட்டில் வெண்ணெய் உருக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். உருக்கிய நெய்யைத் தன்போக்கில் ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். சூட்டோடு சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் மழமழவென்று மெழுகுபோல உறையும். நெய் ஒன்றுதான், உருக்கிய சூடும் ஒன்றுதான். ஆறிய வேகம் மட்டுமே வேறு. கானுடைய தட்டிலும் அதே கதை: வேகமாக ஆறிய இடம் வெள்ளை, நிதானமாக ஆறிய இடம் தெளிவு. எழுதியது லேசரின் சூடு என்று சொல்வார்கள். நான் சொல்வேன், சூடு பலகையைத் துடைத்தது மட்டும்தான், எழுதியது ஆறுதல்.

அழிப்பது எப்படி? ஆறும்போது மின்சாரம் கொடுத்தால் போதும். கதவு வழியே திரும்பி வரும் அந்த ஏழு டிகிரியில் குச்சிகள் சொன்னபடி கேட்கும். மின்புலம் நிமிர்த்தி நிறுத்தும். அப்படியே அடுக்குக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், தெளிவாகிவிடும். இதையே லேசர் இல்லாமல் செய்தார்கள் பிரான்சின் தாம்சன்-சிஎஸ்எஃப் கம்பெனியில் ஹாரெங், லெ பெர் என்ற இருவர், எழுபதுகளின் பிற்பகுதியில். தட்டில் கிடைக்கோடுகள் ஹீட்டர். ஒவ்வொன்றாகச் சூடேற்றி விடுவது. ஒரு வரிசை ஆறிக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் செங்குத்துக் கோடுகளில் மின்சாரம் வைப்பது. வைத்த இடம் தெளிவு, வைக்காத இடம் வெள்ளை. பிறகு அடுத்த வரிசை. எத்தனை வரிசை வேண்டுமானாலும் அடுக்கலாம், ஏனென்றால் எழுதி முடித்த வரிசையைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. அது தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். உங்கள் 16-க்கு-2 தட்டு ஒரு நொடிக்குப் பல பத்து தடவை எல்லா வரிசைக்கும் ஓடி ஓடி நினைவூட்ட வேண்டியிருக்கிறதே, அந்த அவதி அதற்கு இல்லை.

பிறகு ஏன் அது கடைக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர், பத்து மைக்ரான் கனம்: திரவப் படிகம் மொத்தம் ஒரு மில்லிகிராம். அதை 20 டிகிரி சூடாக்கத் தோராயமாக 0.04 ஜூல். அதன் மேலேயுள்ள ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியையும் சேர்த்துச் சூடாக்கினால் நாலு ஜூலுக்கு மேல். சாமிக்கு ஒரு பங்கு, பூசாரிக்கு நூறு பங்கு. கைக்கடிகார எல்சிடியோ மைக்ரோவாட் கணக்கில் பிழைத்துக்கொள்ளும். அதோடு, சுற்றுப்புறச் சூடு கூடினாலோ குறைந்தாலோ தாளமே தப்பிவிடும். மின்சார வழி ஜெயித்தது நியாயமான ஜெயம்தான். ஆனால் தோற்றது என்பதற்காக இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். சூடாக்குவது எவனாலும் முடியும். ஆறவைப்பதுதான் வித்தை, ஒரு பொறியாளன் படிக்க வேண்டியது அதில் ஏராளம் இருக்கிறது. 1997-இல் ஜப்பானில் தமாவோகி குழுவினர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கி, எந்தச் சூட்டில் எந்த நிறம் வருகிறதோ அந்த நிலையில் சட்டென்று குளிர்வித்து, நிறத்தை அப்படியே உறையவைத்தார்கள். மறுபடி சூடாக்கினால் அழியும், வேறு நிறம் எழுதலாம். சிவப்பு வேண்டுமா நீலம் வேண்டுமா என்பதைத் தீர்மானித்தது, எந்தச் சூட்டிலிருந்து குளிர்வித்தார்கள் என்பது.

சரி, உங்கள் ப்ராஜெக்டுக்கு வருவோம். லேசர் வேண்டாம், கண் போய்விடும். ஸ்மெக்டிக் பொருள் எங்கள் தெருவில் கிடைக்காது. ஆனால் சூட்டுக்கு நிறம் மாறும் திரவப் படிகத் தாள் ஆர்டர் செய்தால் கிடைக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்க நெற்றியில் ஒட்டும் பட்டையும், மீன்தொட்டியில் ஒட்டும் பட்டையும் அதே இனம்தான். இதில் மூலக்கூறுகள் திருகாணிபோலச் சுழன்று நிற்கும். சூடு ஏற ஏறத் திருகின் இடைவெளி சுருங்கும். பிரதிபலிக்கும் நிறம் சிவப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் போகும். சூடு என்றால் சிவப்பு என்று நினைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். சிவப்புத்தான் குளிர்ந்த நிறம். ஒரு எச்சரிக்கை: நிறம் மாறும் டீ கப், டீ-ஷர்ட் எல்லாம் பெரும்பாலும் வேறு ஜாதிச் சாயம். அவற்றை வாங்கிவந்து திரவப் படிகம் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

தாள் வாங்கும்போது 25–30 டிகிரி தாளை வாங்கிவிடாதீர்கள். குளிர் ஊர்களில் செய்து காட்டும் வீடியோவைப் பார்த்து அதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். சென்னையில் அது பெட்டியைப் பிரிக்கும்போதே நீலமாக இருக்கும். 35–40 தாள் வாங்குங்கள். அதன் முதுகில், எட்டு என்ற எண்ணின் ஏழு கோடுகளாக ரெசிஸ்டர்களை ஒட்டுங்கள். 100 ஓம், கால் வாட், கோட்டுக்கு இரண்டு, பேரலலாக, போதும். அவற்றை ஆர்டுயினோ கால்களில் நேரே மாட்டினால் ஆர்டுயினோ போய்விடும். யுஎல்என்2003 ஐசி போடுங்கள். அதில் சரியாக ஏழு வழி இருக்கிறது, எட்டு எண்ணுக்கென்றே பிறந்ததுபோல. அது தன் பங்குக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஐந்து வோல்ட் சப்ளையில் மிச்சம் நாலு வோல்ட்டில் ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 0.16 வாட் சூடு. எரியாது, தாளில் நிறம் எழும்பப் போதும்.

முதல் எண் வந்ததும் குதிப்பீர்கள். இரண்டாவது எண்ணில் அழுவீர்கள். ஒன்று காட்டிவிட்டு இரண்டு காட்டச் சொன்னால், ஒன்றின் கோடு ஆறாமல் நிற்கும், இரண்டின் கோடுகள் அதன்மேல் ஏறும். மூன்று, நாலு என்று போகப் போக உங்கள் டிஸ்ப்ளே எந்த எண்ணைக் கேட்டாலும் எட்டு என்றே சொல்லும். இங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. ரெசிஸ்டர்களுக்குப் பின்னால் மெல்லிய காப்பு டேப் ஒட்டி ஒரு அலுமினியத் தகடு வையுங்கள். தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி இழுத்தால் கோடு எழும்பவே எழும்பாது. குறைவாக இழுத்தால் அழியாது. முதலில் ஒரு நொடி முழுச் சூடு, பிறகு கால்வாசிச் சூட்டில் பிடித்து நிறுத்துவது என்று புரோகிராம் எழுதுங்கள். டேப்பின் கனத்தை மாற்றி மாற்றி, எண் மாற எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு கிராஃப் போடுங்கள். அந்த ஒரு கிராஃப், எல்எம்35 ரிப்போர்ட் ஐம்பது பக்கத்தைவிட எனக்குப் பெரிது.

இன்னும் துணிச்சல் இருந்தால் தகட்டுக்குப் பின்னால் பெல்டியர். நீங்கள் குட்டி ஃப்ரிட்ஜ் செய்கிறேன் என்று வாங்கிப் போய்க் கருக்கிக்கொண்டு வருகிறீர்களே, அந்த 12706. ஜான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்டது. அவர் கடிகாரம் செய்து பிழைத்தவர், நம் ஜாதிதான். மின்சாரத்தை ஒரு பக்கம் விட்டால் மேல்பக்கம் குளிரும், ஒயரைத் திருப்பிப் போட்டால் அதே பக்கம் சுடும். ஒரே துண்டில் அடுப்பும் ஐஸ் பெட்டியும். ஹீட் சிங்க் போடாமல் ஒரு நிமிடம்கூட மின்சாரம் கொடுக்காதீர்கள். அதை எல்298 போர்டில் மாட்டாதீர்கள். ஒரு வழிக்கு இரண்டு ஆம்பியர்தான் அது தாங்கும், 12 வோல்ட்டில் இந்தப் பெல்டியர் அதைவிட அதிகம் கேட்கும். ஐந்து வோல்ட்டில் ஓட்டுங்கள். திசை மாற்ற இரண்டு ரிலே போதும். தகட்டை 25 டிகிரிக்குக் கீழே இறக்கினால் சென்னைக் காற்றுக்கு உடனே வியர்த்துவிடும், ரெசிஸ்டர் கால்களில் தண்ணீர் நிற்கும். முப்பதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்குத் தேவையும் அவ்வளவுதான்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கட்டாயம் கேட்பார், "இதனால் என்ன பயன்?" என்று. பயந்து உளறாதீர்கள். ஐசி செய்கிறவர்கள் பழுதான சில்லின்மேல் ஒரு சொட்டுத் திரவப் படிகம் தடவி, அது எண்ணெயாக மாறும் சூட்டுக்குச் சற்றுக் கீழே சில்லை நிறுத்தி, குறுக்குப் போலராய்டு போட்ட நுண்ணோக்கியில் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். மின்சாரம் கசியும் இடம் மற்ற இடத்தைவிடத் துளி சூடாக இருக்கும். அந்தப் புள்ளி மட்டும் கதவைத் தாண்டிக் கறுக்கும். கண்ணால் தேடிக் கிடைக்காத பழுது தானே பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். நான் டீ கொட்டிய கால்குலேட்டரில் கண்ட அதே கறுப்புத்தான், மயிரிழையைவிடச் சிறிய அளவில்.

செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பழுதான கால்குலேட்டர், சாகாத டிஸ்ப்ளேயோடு, என் மேஜைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கிறது. கறுக்கவைத்துப் பார்க்க ஆளுக்கு ஒன்று சும்மா தருகிறேன். ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நெருக்கினால் போலராய்டு தாள் சுருண்டுவிடும், அது ஆறினாலும் திரும்பாது. குளிர் பார்க்க வேண்டுமென்றால் பாலித்தீன் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பட்டனை அழுத்தினால் எண்கள் தூக்கக் கலக்கத்தில் எழுவதுபோல எழும்.

கடைச் சுவரில், டீக்கடை காலண்டருக்குப் பக்கத்தில், 30–35 பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஷட்டர் தூக்கும்போது வெயில் காலத்தில் செம்பழுப்பாக இருக்கும். பத்தரைக்குப் பச்சை. பன்னிரண்டு தாண்டினால் நல்ல நீலம். தகரக் கூரை அதை அந்தி சாயும்வரை மாறவிடாது. நீலமாக இருக்கும்போது வந்து சந்தேகம் கேட்காதீர்கள், எனக்கே மூளை எண்ணெயாகத்தான் இருக்கும். காலையில் வாருங்கள். ஞாயிறு விடுமுறை.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அண்ணன்
ரிச்சி தெரு, சென்னை